எண்பது மைக்ரோலிட்டர் மடை

உலகத்து மருந்துநூல்களில் திருநெல்வேலி என்ற பெயர் ஒரு செடியின் புண்ணியத்தில் ஏறியிருக்கிறது. நிலவாகை. ஏற்றுமதிக்காரர்கள் பேச்சில் சென்னா. மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில் சூரணமாக வாங்குகிறோமே, அதேதான். பழைய திருநெல்வேலி ஜில்லாவின் மானாவாரிக் காடுகளில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறிய இலைக்கு வெள்ளைக்காரன் ‘டின்னவேலி சென்னா’ என்று பெயர் வைத்தான். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் போன பிறகும் வியாபாரத்தில் அந்தப் பெயர் மாறவில்லை.

இந்தச் செடிக்கு இன்னொரு பெருமை உண்டு. அது வேதியியல்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். 1978-இல் எர்னி, ஃபிரை என்ற இருவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கலவையை ஒரு குழலில் பிரித்து, அங்கிருந்து வருவதைத் துண்டு துண்டாகப் பிடித்து, வேறு குணமுள்ள இரண்டாவது குழலில் மறுபடியும் பிரிப்பது அவர்கள் முறை. இரட்டைப் பரிமாண நீர்மக் குரோமட்டோகிராபி என்று இப்போது சொல்கிறோமே, அதற்கு முன்னோடி. அதில் அவர்கள் பிரித்துக் காட்டியது சென்னாச் சாற்றை. முதல் குழலிலிருந்து எடுத்த துண்டுகள் மொத்தம் 7.

ஏழே ஏழு. இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் 120 துண்டு எடுக்கிறோம். நடுவில் என்ன மாறியது என்று கேட்டால் பலரும் குழலுக்குள் அடைக்கும் பொடியைப் பற்றிப் பேசுவார்கள். பொடியும் மாறியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கருவியோடு மல்லுக்கட்டியவர்களைக் கேட்டால், இரண்டு குழலுக்கும் நடுவே நீர்மத்தைக் கைமாற்றும் இடத்தைக் காட்டுவார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயலும் நல்ல வயலாக இருக்கும், மடையில் கோளாறு என்றால் பயிர் போச்சு. எட்டு அணைக்கட்டும் பதினொரு காலும் வைத்துக் காரும் பிசானமும் விளைவிக்கிற தாமிரபரணிக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1903-இல் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் தன் முறையை முதன்முதலில் எடுத்துச் சொன்னார். தூள் அடைத்த கண்ணாடிக் குழலின் தலையில் பச்சிலைச் சாற்றை ஊற்றி, மேலிருந்து கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால், பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையமாகப் பிரிந்து இறங்கும். தூளோடு அதிகம் ஒட்டுவது பின்தங்கும், கரைப்பானோடு அதிகம் சேர்வது முன்னே போகும். இன்றைய எச்.பி.எல்.சி. (உயர்திறன் நீர்மக் குரோமட்டோகிராபி) கருவியிலும் நடப்பது இதுதான். குழல் எஃகு, பொடி சில மைக்ரான், பம்ப் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் தள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். (லேபில் குழல் என்று யாரும் சொல்வதில்லை, ‘காலம்’ என்போம். எழுத்தில் அது நேரத்தைக் குறிக்கும் காலத்தோடு குழம்பும். இந்தக் கட்டுரையில் நேரமும் நிறைய வருவதால் குழல் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

ஒரு குழல் போதாதா? பல வேலைகளுக்குப் போதும். ஆனால் இலைச்சாறு என்பது சந்தைக்கூட்டம். நிலவாகையில் வேலை செய்யும் பொருள்களான சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி இரண்டும் ஒரே வாய்பாடு, ஒரே மூலக்கூறு எடை, 862 சொச்சம். அணுக்கள் வெளியில் அமைந்த விதம் மட்டுமே வேறு. எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். குழலில் பிரித்தே ஆகவேண்டும். சுற்றிலும் அவற்றின் பங்காளிகள், ஃபிளேவனாய்டுகள், சர்க்கரைகள் என்று ஒரு பட்டாளம் வேறு.

நெல்லைச் சல்லடையில் சலித்தால் அது அளவைப் பார்த்துப் பிரிக்கும். சுளகில் புடைத்தால் எடையைப் பார்த்துப் பிரிக்கும். சலித்ததையே அதே சல்லடையில் திரும்பச் சலித்தால் கை வலிதான் மிச்சம். சலித்ததைப் புடைத்தால்தான் புதிதாக ஏதாவது பிரியும். எர்னியும் ஃபிரையும் செய்ததும் இதுவே: முதல் குழல் மூலக்கூறின் பருமனைப் பார்த்துப் பிரித்தது, இரண்டாவது நீரை வெறுக்கும் குணத்தைப் பார்த்துப் பிரித்தது. இரண்டு குணமும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் பிரிக்கும் திறன் கூடுவதில்லை, பெருகும் என்பதை 1984-இல் கிடிங்ஸ் விளக்கினார். குழலிலிருந்து ஒரு பொருள் வெளியேறும்போது டிடெக்டர் (வருவதை உணரும் கருவி) வரையும் கோட்டில் ஒரு மேடு எழும், அதுதான் முகடு. முதல் குழலில் 100 முகடுகளுக்கு இடம், இரண்டாவதில் 20-க்கு இடம் என்றால் கணக்குப்படி 2000.

கணக்குப்படி என்று சொன்னதைக் கவனியுங்கள். சலித்ததையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டி, அப்புறம் புடைத்தால் சலித்த உழைப்பு வீண். முதல் குழல் பாடுபட்டுப் பிரித்த இரண்டு பொருள்கள் ஒரே துண்டுக்குள் விழுந்துவிட்டால் திரும்ப ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு முகட்டையும் குறைந்தது மூன்று நான்கு வெட்டாக வெட்டி எடுக்க வேண்டும் என்பது 1998-இல் மர்ஃபி, ஷூர், ஃபோலி மூவரும் கணக்கிட்டுச் சொன்னது. 1978-இன் ஏழு துண்டு எவ்வளவு பற்றாக்குறை என்பது இங்கேதான் தெரிகிறது. ஏழு சாக்குதான் கையில். அதற்குள் அடங்கியதுதான் பிரிவு.

துண்டைச் சிறிதாக்கிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். அரை நிமிடத்துக்கு ஒரு துண்டு என்றால், அந்தத் துண்டை இரண்டாவது குழல் அரை நிமிடத்துக்குள் முழுதாகப் பிரித்து, தன்னைக் கழுவிக்கொண்டு, அடுத்ததற்குத் தயாராக நிற்க வேண்டும். முதல் குழல் யாருக்காகவும் நிற்காது. மேலே கால் ஓடிக்கொண்டே இருக்கிறது, கீழே வயல் மாற்றி வயல் பாய்ச்சியாக வேண்டும்.

இதற்கு உள்ள ஏற்பாடு பார்க்க எளிமையானது. எட்டு வாய் கொண்ட ஒரு சுழல் வால்வு. அதில் லூப் எனப்படும் இரண்டு சுருட்டிய எஃகுக் குழாய்கள். ஒரு லூப்பில் முதல் குழலிலிருந்து வருவது நிரம்பிக்கொண்டிருக்கும்போது, மற்ற லூப்பில் ஏற்கனவே நிரம்பியதை இரண்டாவது பம்ப் அடித்துத் தன் குழலுக்குள் தள்ளும். அரை நிமிடம் ஆனதும் வால்வு திரும்பும், இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். 1990-இல் புஷி, ஜார்கென்சன் இருவரும் கணினியை வைத்து வால்வை இப்படித் தொடர்ந்து திருப்பி, புரதக் கலவையைப் பிரித்துக் காட்டினார்கள். ஊரில் முறைத்தண்ணி விடுவதும் இதே ஒழுங்குதான்: உன் முறை முடிந்தது, அடைத்துவிட்டு நகரு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். முதல் குழலில் நீர்மம் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் 50 மைக்ரோலிட்டர். அப்படியானால் 50 மைக்ரோலிட்டர் லூப் வாங்கி மாட்டினால் சரியாகப் போயிற்று என்று நினைப்பவர் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டதில்லை என்று அர்த்தம். நடுவாய்க்காலில் விட்ட கப்பல் ஓடும், கரையோரம் விட்டது தேங்கித் தேங்கிப் போகும். மெல்லிய குழாயில் நீர்மம் அமைதியாக ஓடும்போதும் அப்படியே. நட்ட நடுவில் ஓடும் இழை, சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகம். ஆகவே லூப் பாதி நிரம்பும்போதே நடு இழையின் மூக்கு மறுமுனையை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். குழாய் சுருண்டிருப்பதும், மூலக்கூறுகள் பக்கவாட்டில் பரவுவதும் ஓரளவு காப்பாற்றும். என்றாலும் விளிம்புவரை நிரப்பினால் சரக்கில் ஒரு பகுதி மறுகால் பாய்ந்து கழிவுப் பாட்டிலுக்குப் போய்விடும். அதனால் 50 மைக்ரோலிட்டரைப் பிடிக்க 80 மைக்ரோலிட்டர் லூப் போடுவது வழக்கம்.

சரி, லூப் நிரம்பிவிட்டது. வால்வு திரும்புகிறது. அந்தக் கண்ணிமைப்பில் என்ன நடக்கிறது? லூப்பில் இருந்த நீர்மம் இதுவரை சில பத்து பார் அழுத்தத்தில் இருந்தது. திடீரென்று அதை 400 பாரில் நிற்கும் பம்போடு இணைக்கிறோம். தண்ணீர் சுருங்காது என்று பள்ளியில் படித்தது இங்கே உதவாது. 400 பாரில் தண்ணீர் ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும், தண்ணீரோடு கலக்கும் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கும். 80 மைக்ரோலிட்டரில் ஒன்றரை மைக்ரோலிட்டர் என்பது பெரிய அளவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பம்பிலிருந்தும் குழலிலிருந்தும் நீர்மம் ஒரே நேரத்தில் பாயும். குழலின் தலையில் ஒரு குத்து விழும். ஒரு மணி நேரச் சோதனை ஓட்டம் ஒன்றில் 120 குத்து. ஒரு நாளைக்கு இருபது ஓட்டம் என்றால் 2400. பொடிப் படுகை எத்தனை நாள் தாங்கும்? எதிர்ப்பக்கம் இன்னொரு தொல்லை: 400 பாரில் நெருக்கிய லூப் முதல் குழலின் பக்கம் திரும்பும்போது அழுத்தம் சட்டென்று விடுபட்டு, அங்கே டிடெக்டர் இருந்தால் அதன் கோட்டில் முள் முள்ளாகத் தெரியும். சிலர் இதைப் புதுப் பொருளின் முகடு என்று எண்ணிக் கொண்டாடியதும் உண்டு. நடுவில் சிறிய தடைக் குழாய் வைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதுதான் மருந்து.

எங்கள் தாத்தா மடை திறக்கும் அழகு நினைவுக்கு வருகிறது. மம்பட்டியால் ஒரே வெட்டில் மண்ணைத் தள்ளமாட்டார். ஒரு கொத்து, பிறகு நின்று தண்ணீரைப் பார்ப்பார், இன்னொரு கொத்து. “ஏல, மொத்தமாத் தொறந்தா நாத்தைப் புடுங்கிட்டுப் போயிரும், வயலு பாத்துதான் தண்ணி விடணும்” என்பார். குழல் விற்பவர்கள் தரும் குறிப்புத்தாளில் அழுத்தத்தை மெல்ல ஏற்றச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பம்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1990-க்குப் பிறகும் இந்த முறை பல வருடம் ஆய்வகச் சுவரைத் தாண்டாததற்குப் பம்ப் ஒரு முக்கியக் காரணம். இரண்டாவது குழலில் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் கரைப்பானின் காரத்தை (பொடியில் ஒட்டியதைக் கிளப்பும் வலுவைச் சொல்கிறேன், அமிலம்-காரம் என்கிற காரம் இல்லை) கூட்டிக்கொண்டே போய் மறுபடி தொடக்கத்துக்கு வர வேண்டும். பம்பில் கரைப்பான்கள் கலக்கும் இடத்திலிருந்து குழலின் தலைவரை உள்ள கொள்ளளவு 1 மில்லிலிட்டர் என்றால், நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் ஓட்டத்தில் புதிய கலவை குழலைத் தொடவே 30 நொடி ஆகும். அணைக்கட்டில் ஷட்டரைத் தூக்கிய தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் முறை முடிந்துவிட்ட கதை. அதையே 100 மைக்ரோலிட்டராகக் குறைத்தால் 3 நொடி. 2005-இல் ஸ்டோலும் கார்ரும் குழலைச் சூடாக்கி, ஓட்டத்தை முடுக்கி, இரண்டாம் பிரிவை அரை நிமிடத்துக்குள் முடித்துக் காட்டிய பிறகுதான் இது நடக்கிற காரியம் என்று பலரும் நம்பினார்கள். விலை இல்லாமல் இல்லை: ஒரு மணி நேர ஓட்டத்தில் முதல் பம்ப் 6 மில்லிலிட்டர் குடிக்கும், இரண்டாவது 120. அசிட்டோநைட்ரைல் விற்கிற விலைக்கு அந்தக் கழிவு பாட்டிலைப் பார்த்தாலே வயிறு எரியும்.

இதுவரை சொன்னது வால்வைத் திருப்பும் கதை. நடுவழியில் வால்வே வேண்டாம் என்று ஓட்டத்தைத் திருப்பும் வித்தை ஒன்று உண்டு, எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தது அதுதான். புரத ஆராய்ச்சியில் குழல்கள் தலைமுடி அளவுக்கு மெலிந்தவை. உள்விட்டம் 75 மைக்ரான், ஓட்டம் நிமிடத்துக்கு 300 நானோலிட்டர். இந்த அளவில் வால்வுக்குள் 1 மைக்ரோலிட்டர் காலி இடம் இருந்தால் அதைக் கடக்கவே 200 நொடி. அதற்குள் பிரிந்ததெல்லாம் கலந்துவிடும். ஆகவே மாதிரி போகும் பாதையில் வால்வையே வைப்பதில்லை. முதலில் மாதிரியைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டிப் பிடிகுழல், அதையடுத்து ஒரு கிளைச்சந்தி, சந்தியிலிருந்து ஒரு வழி பிரிக்கும் குழலுக்கு, மற்றது கழிவுக்கு. வால்வு கழிவு வழியின் கடைசியில் இருக்கும். அதைத் திறந்தால், பிரிக்கும் குழலின் பிரமாண்டமான தடையைத் தாண்ட மனமில்லாமல் நீர்மம் முழுவதும் கழிவுக்கு ஓடிவிடும். நிமிடத்துக்கு 5, 10 மைக்ரோலிட்டர் வேகத்தில் மாதிரியை ஏற்றி உப்பைக் கழுவிவிடலாம். மூடினால் வேறு வழியில்லாமல் நீர்மம் குழலுக்குள் திரும்பும். மடையைத் தொடாமல், மறுகாலைத் திறந்தும் அடைத்தும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல.

தடை என்பதில் ஒரு எச்சரிக்கை. குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ். 0.17 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 0.12 போட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தடையோ நான்கு மடங்கு. ஒரு தூசு போதும், பங்கீடு மாறிவிடும். கரைப்பானும் சும்மா இருக்காது: தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்தால், கலவை இரண்டில் எதையும்விடக் கெட்டி, தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. ஓட்டத்தை இரண்டு கிளையாகப் பிரித்து ஒன்றைக் கழிவுக்கு விடும் பழைய ஏற்பாட்டில், குழல் உள்ள கிளையில் இந்தக் கெட்டிக் கலவை நிரம்ப நேரமாகும், வெறும் கிளையில் உடனே நிரம்பிவிடும். காலையில் 20-க்கு ஒன்று என்று வைத்த பங்கு, ஓட்டத்தின் நடுவில் வேறாக இருக்கும். தடையை மட்டும் நம்பிப் பங்கு போடாதே, முடிந்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பம்ப் வை என்பதுதான் என் கட்சி.

ஆனால் தடையைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திய இடமும் இருக்கிறது. முதல் குழலிலிருந்து வரும் துண்டு காரமான கரைப்பானில் வந்தால், இரண்டாவது குழல் அதைப் பிடித்து நிறுத்தவே முடியாது. பொருள் ஒட்டாமல் வழுக்கி ஓடிவிடும். நட்ட அன்றைக்கே வெள்ளம் வந்த வயல். 2017-இல் ஸ்டோல் குழுவினர் வெளியிட்ட தீர்வில், வால்வில் ஒரு பக்கவழிக் குழாய் சேர்ந்தது. இரண்டாவது பம்பின் நீர்மத்தில் ஒரு பங்கு லூப்பைத் தள்ளும், மற்றொரு பங்கு பக்கவழியாக வந்து குழலின் வாயில் அந்தத் துண்டோடு கலந்து காரத்தைத் தணிக்கும். எத்தனை மடங்கு தணிக்க வேண்டும் என்பதைப் பக்கவழிக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கும். மாதிரி ஏறி முடிந்ததும் வால்வு நகர்ந்து பக்கவழி அடைபடும். சில நொடிகளே திறந்திருக்கும் வழி என்பதால் இங்கே தடையின் சபலம் அவ்வளவாகக் கெடுக்காது.

இவ்வளவும் நிலவாகைக்குத் தேவையா? சென்னோசைடு அளவை மட்டும் சொல்லும் தினசரிச் சோதனைக்குத் தேவையில்லை. ஒரு குழல், நல்ல முறை, முடிந்தது. சந்தேகமான ஒரே ஒரு முகட்டுக்குள் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க அந்த முகட்டை மட்டும் வெட்டி இரண்டாவது குழலுக்கு அனுப்பினால் போதும். முழுச் சாற்றின் ஜாதகத்தையும் எழுத வேண்டும், வேற்று இலை கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றால்தான் 120 துண்டுக் கச்சேரி.

அப்படியொரு கச்சேரியில், நான் முன்பு வேலை பார்த்த லேபில், ஒரு வாரம் தூக்கம் போயிற்று. இரட்டைப் பரிமாண ஓட்டத்தின் முடிவு கோலம் மாதிரி புள்ளி புள்ளியாக வரும். அதில் உயரம் என்பது இரண்டாவது குழலில் பொருள் எடுத்துக்கொண்ட நேரம். ஒரே பொருள் அடுத்தடுத்த துண்டுகளில் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். எங்களுக்கு ரம்பப்பல்லாக வந்தது. ஒற்றைப்படைத் துண்டுகளில் ஒரு உயரம், இரட்டைப்படைத் துண்டுகளில் கொஞ்சம் கீழே, 0.6 நொடி முந்தி. முகட்டின் பரப்பும், அதாவது பொருளின் அளவும், அவற்றில் குறைவு. பம்பைக் கழற்றினோம், கரைப்பானை மாற்றினோம், குழலைத் திட்டினோம். கடைசியில் ஒரு தம்பிதான் கேட்டான்: “அண்ணே, ஒண்ணு விட்டு ஒண்ணு தப்புதுன்னா லூப்புதானே?” கழற்றிப் பார்த்தால் ஒரு லூப்பின் சீட்டில் 80, மற்றதில் 60. எப்போதோ பழுது பார்த்தபோது கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். 20 மைக்ரோலிட்டர் வித்தியாசம், நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் ஓட்டம். வகுத்துப் பாருங்கள், சரியாக 0.6 நொடி. 60-இல் 50-ஐ நிரப்பியதால் நடு இழை முந்திக்கொண்டு கழிவுக்குப் போன கணக்கும் சரியாக வந்தது.

இரண்டும் 80-ஆன பிறகு ரம்பம் நேர்கோடானது. அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வேலையாகக் காஃபீன் கரைசலை இரண்டு லூப் வழியாகவும் மாற்றி மாற்றி அனுப்பி, நேரமும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து நோட்டில் எழுதிய பிறகே இலைச்சாற்றைத் தொடுவோம்.